சூரமங்கலத்து மேத்ஸ் சார் கிட்ட சாய்ஸ் லிஸ்ட் போட்ட அனுபவம்

சேலத்துல +2 முடிச்ச புள்ளைங்கள வச்சிருக்கறவங்க, அதுவும் நல்லா மார்க் எடுத்த புள்ளைங்கள வச்சிருக்கறவங்க, கொஞ்சம் நேரம் எடுத்து இத படிங்க. போன வருஷம் எங்க பொண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் முடிஞ்சுது. சாய்ஸ் லிஸ்ட், அதாவது எந்த காலேஜ் எந்த பாடம் வேணும்னு வரிசையா எழுதற லிஸ்ட், நாங்க ரெண்டு எடத்துல காசு குடுத்து போட்டோம். மொத எடம் பேர்லேண்ட்ஸ்ல ஏசி ஆபீஸ், 18,000 ரூபா. ரெண்டாவது சூரமங்கலத்துல ஒரு ரிட்டையர்டு மேத்ஸ் சார் வீடு, 1000 ரூபா. ரெண்டாவதப் பத்தி தான் இந்த ரிவ்யூ, ஆனா மொதல்ல நடந்தத சொல்லாம இது புரியாது. ஆபீஸ் பேரும் போட மாட்டேன், சார் பேரும் போட மாட்டேன். சார் பேரு வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, ஏற்கனவே மே மாசம் வந்தா திண்ணை நெறைய ஆளுங்க உக்காந்திருப்பாங்க.

எங்களப் பத்தி சொல்லிடறேன். சிவதாபுரத்துல சின்ன கொலுசுப் பட்டறை. வீட்டுக்காரரு பத்தாவது, நான் +2. பொண்ணு மேத்ஸ்ல 98, பிசிக்ஸ் 97, கெமிஸ்ட்ரி 98. மேத்ஸ் அப்படியே நூறுக்கு, மத்த ரெண்டும் பாதி பாதியா சேத்தா 98 + 48.5 + 49, மொத்தம் 200க்கு 195.5 கட்ஆப். ரிசல்ட் வந்த அன்னிக்கு தெருவே வீட்டுக்கு வந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள ஆளாளுக்கு ஒரு யோசனை. கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேற எதுவும் எடுக்காதீங்கன்னு நாத்தனார் வீட்டுல, பொட்டப் புள்ளைய சென்னைக்கு அனுப்பாதீங்க சேலத்துலயே போடுங்கன்னு எங்க அம்மா, பெரிய யுனிவர்சிட்டில இப்பவே அட்வான்ஸ் கட்டி வைங்க அப்பறம் சீட்டு இருக்காதுன்னு பட்டறைக்கு வெள்ளி கொண்டு வர்றவரு. நல்ல மார்க் வந்தா கவலை தீரும்னு நெனச்சிருந்தோம், மார்க் வந்தப்பறம் தான் கவலையே ஆரம்பிச்சுது, ஏன்னா எல்லா கதவும் பாதி தொறந்திருக்கற மாதிரி தெரியுது, எந்தக் கதவுன்னு சொல்ல வீட்டுல படிச்ச ஆள் இல்ல.

அந்த பயத்துல தான் பேர்லேண்ட்ஸ் ஆபீஸுக்கு போனோம். நல்லா மரியாதையா பேசுனாங்க, தண்ணி பாட்டில் குடுத்தாங்க. பொண்ணு கிட்ட கட்ஆப் எவ்வளவு, கம்யூனிட்டி என்னன்னு ரெண்டே கேள்வி. ரெண்டு நாள்ல பிரிண்ட் போட்டு 142 சாய்ஸ் லிஸ்ட் வந்துச்சு. 142ம் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, நடுவுல நடுவுல ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்). டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு அரசு இன்ஜினியரிங் கவுன்சிலிங், அதோட லாகின் பாஸ்வேர்டும் ஓடிபியும் குடுங்க நாங்களே ஏத்திடறோம்னு கேட்டாங்க. கூடவே இந்த கவுன்சிலிங்ல வராம தனியா சீட்டு குடுக்கற ஒரு டீம்டு யுனிவர்சிட்டில சேப்டிக்கு ஒரு சீட்டு புடிச்சு வச்சிடுங்கன்னு மூணு தடவ போன் பண்ணுனாங்க. நான் ஓடிபி மட்டும் குடுக்கல. ஏன் குடுக்கலன்னு கேட்டா எனக்கே தெரியல, ஏடிஎம் பின் நம்பர் மாதிரி இருந்துச்சு, அவ்வளவு தான். இப்ப நெனச்சா ஒடம்பு சிலுக்குது.

எங்க தெருவுல ஒரு பையன், கட்ஆப் 180க்கு பக்கம், வேற கம்யூனிட்டி. அவங்க அம்மாவும் அதே ஆபீஸ்ல தான் போட்டிருந்தாங்க. ரெண்டு லிஸ்ட்டையும் பக்கத்துல வச்சு பாத்தோம். மொத 60 வரி ஒண்ணு தான். வரிசை கூட மாறல. அந்த பையனுக்கு மேல இருக்கறது எதுவும் கிடைக்கப் போறதில்ல, எங்க பொண்ணுக்கு கீழ இருக்கறது எதுவும் தேவையில்ல, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே பேப்பர். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

அந்த பையனோட அம்மா சொல்லித் தான் சூரமங்கலத்து சாரு தெரிஞ்சுது. எட்டு மணிக்கே போயிட்டோம், எங்களுக்கு முன்னாடி ஏழு பேரு. பத்தரை மணிக்கு தான் எங்க முறை வந்துச்சு. மர டேபிள், ரெண்டு பிளாஸ்டிக் சேர், செவுத்துல காலண்டர், டேபிள் மேல நீளமான கோடு போட்ட நோட்டு, கடைல கணக்கு எழுதுவாங்களே அந்த மாதிரி. கம்ப்யூட்டர் எதுவும் இல்ல. சார் என்னையும் வீட்டுக்காரரையும் பாக்கவே இல்ல, பொண்ண பாத்து "உக்காரு கண்ணு, மார்க்க அப்பறம் சொல்லு"ன்னாரு. மூணு கேள்வி கேட்டாரு. யாரும் சொல்லாமயே நீ உக்காந்து படிக்கற விஷயம் எது. வீட்டுல வருஷத்துக்கு நெஜமா எவ்வளவு கட்ட முடியும். எந்த எடம் கிடைச்சா நீ அழுவ.

மொத கேள்விக்கு பொண்ணு கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் பட்டறையப் பத்தி பேச ஆரம்பிச்சா. வெள்ளிக் கம்பிய இழுக்க இழுக்க வெறைச்சுக்கிட்டே போகும், ஒரு அளவுக்கு மேல இழுத்தா முறிஞ்சிடும், அதனால அப்பா நடுவுல நெருப்புல காட்டி எடுப்பாரு, மறுபடி மெத்துனு ஆயிடும். அது ஏன்னு எட்டாவது படிக்கும்போதே கேட்டா, எங்களுக்கு சொல்லத் தெரியல. உள்ள இருக்கற அணு அடுக்கு இழுக்கும்போது குலைஞ்சு ஒண்ணுக்கொண்ணு சிக்கிக்குது, சூடு பட்டா மறுபடி புதுசா அடுக்கிக்குதுன்னு அவளே எங்கயோ தேடி படிச்சிருக்கா. வெள்ளியில செம்பு சேத்தா ஏன் கெட்டியாவுது, டச், அதாவது வெள்ளியோட சுத்தம், கொறஞ்சா ஏன் நெறம் மாறுதுன்னு அரை மணி நேரம் சொல்லிக்கிட்டே இருந்தா. எங்க வீட்டுக்காரரு வாயடைச்சு உக்காந்திருந்தாரு, 25 வருஷமா அவரு கையால செய்யற வேலைய பத்தி பொண்ணு இவ்வளவு யோசிச்சிருக்கான்னு அவருக்கு அன்னிக்கு தான் தெரியும்.

சார் எல்லாத்தையும் கேட்டுட்டு எங்க 142 சாய்ஸ் பேப்பர கையில வாங்குனாரு. மேல இருந்து வெரல வச்சுக்கிட்டே வந்தாரு. 23வது வரியில நின்னுச்சு. அது ஒரு தனியார் காலேஜ், கம்ப்யூட்டர் சயின்ஸ். பழைய வருஷங்கள்ல அங்க கடைசியா சீட்டு வாங்குனவங்க ரேங்க் எங்க பொண்ணோட ரேங்க்க விட ரொம்ப கீழ. "இந்த வரியோட உன் லிஸ்ட் முடிஞ்சுது கண்ணு, இதுக்கு கீழ இருக்கற 119 வரியும் வெறும் பேப்பர்"ன்னாரு.

இது தான் எனக்கு புரியாம இருந்த விஷயம், இத நல்லா புரிஞ்சுக்கங்க. டிஎன்இஏல எத்தன சாய்ஸ் வேணா போடலாம், லிமிட் கிடையாது, அதனால நெறைய போட்டா பாதுகாப்புன்னு எல்லாரும் நெனக்கறோம். ஆனா நம்ம ரேங்க் வரும்போது அந்த சிஸ்டம் லிஸ்ட்ட மேல இருந்து படிச்சுக்கிட்டே வரும், மொத எங்க நமக்கு சீட்டு இருக்கோ அங்க குடுத்துட்டு நின்னுடும். கீழ என்ன இருக்குன்னு பாக்காது. அப்ப நிச்சயமா கிடைக்கற ஒண்ண தெரியாம நடுவுல வச்சிட்டா அதுக்கு கீழ தங்கமே இருந்தாலும் நமக்கு இல்ல. அந்த ஆபீஸ் லிஸ்ட்ல 31வது வரியில கோயம்புத்தூர் பிஎஸ்ஜி டெக் ஈசிஇ இருந்துச்சு. எங்க பொண்ணுக்கு அது வேணும். 23ல அந்த காலேஜ் இருக்கற வரைக்கும் 31 வரவே வராது. அந்த காலேஜ் ஏன் 23ல இருந்துச்சுன்னு நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்கு ஆதாரம் இல்ல. ஆனா தெரு பையன் லிஸ்ட்லயும் அதே 23ல தான் இருந்துச்சு.

சாரோட முறை ரொம்ப எளிமை. நோட்டுல ஒரு பக்கம் எடுத்து குறுக்க ரெண்டு கோடு போடுவாரு. மேல் பாகம், கிடைச்சா சந்தோஷம். நடு பாகம், பெரும்பாலும் கிடைக்கும். கீழ் பாகம், கட்டாயம் கிடைக்கும். இது எல்லாரும் சொல்றது தான், யூடியூப்லயும் ட்ரீம், டார்கெட், சேப்னு சொல்றாங்க. சார் கூட சேத்த விஷயம் கீழ் பாகத்துக்கு. அங்க எழுதற ஒவ்வொரு காலேஜும் கிடைச்சா நீ அழாம பொட்டி கட்டணும், அழுவேன்னா அது சேப் இல்ல, அத எழுதாதன்னாரு. நல்ல மார்க் எடுத்த புள்ளைங்க தான் இங்க ஏமாறுதுங்களாம். மேல 40 கனவு எழுதிட்டு கீழ ஏதோ பேருக்கு நாலு எழுதுவாங்க, எனக்கெங்க அது வரப் போவுதுன்னு, கடைசில அதுவே வந்து நிக்கும்போது ஒரு வருஷம் வீணாப் போற அளவுக்கு மனசு ஒடஞ்சு போறாங்களாம். அதனால சார் கீழ இருந்து தான் எழுத ஆரம்பிப்பாரு. மொத பாதுகாப்பான எடத்த தேடு, அது புடிச்சிருக்கணும், அப்பறம் மேல ஏறு.

எங்க பொண்ணுக்கு கீழ் பாகத்துல மொத எழுதுனது நம்ம கருப்பூர் கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ், மெட்டலர்ஜி, அதாவது உலோகத்தப் பத்தின படிப்பு. எனக்கு சத்தியமா அப்படி ஒரு படிப்பு நம்ம ஊர்ல இருக்குன்னே தெரியாது. 1966ல ஆரம்பிச்ச காலேஜ், ஓமலூர் போற வழியில எத்தன வாட்டி பஸ்ல தாண்டியிருக்கோம். தமிழ்நாட்டுல இந்த படிப்பு இருக்கற எடம் கொஞ்சம் தான், பிஎஸ்ஜி டெக்ல மெட்டலர்ஜி இருக்கு, அண்ணா யுனிவர்சிட்டியோட கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், அதாவது சிஇஜில மெட்டீரியல் சயின்ஸ்னு இருக்கு, திருச்சி என்ஐடில இருக்கு, சென்னை ஐஐடில இருக்கு. பக்கத்துலயே ஸ்டீல் பிளான்ட் இருக்கற ஊரு, வெள்ளிக்கு பேர் போன ஊரு, நாம புள்ளைங்களுக்கு இந்த பேரே சொன்னதில்ல. 142 சாய்ஸ்ல இது ஒண்ணு கூட இல்ல.

சார் சும்மா எழுத விடல. நேர்ல போய் பாத்துட்டு வாங்க, அப்பறம் தான் பேனா எடுப்பேன்னாரு. அடுத்த நாளே நானும் பொண்ணும் கருப்பூர் போனோம், வெளிய பஸ்ஸுக்கு நின்ன ரெண்டு சீனியர் பொண்ணுங்க கிட்ட பேசுனோம், லேப் எப்படி, ஹாஸ்டல் எப்படி, எந்த கம்பெனி வருது, எல்லாம் மறைக்காம சொன்னாங்க, கொறையும் சொன்னாங்க. திரும்பி வரும்போது பொண்ணு "இங்க வந்தா நான் அழ மாட்டேம்மா"ன்னா. அந்த ஒரு வார்த்தைக்கப்பறம் எனக்கு பயம் பாதி போயிடுச்சு. எது நடந்தாலும் வீட்டுல இருந்தே பஸ்ல போற தூரத்துல, கம்மி பீஸ்ல, அவளுக்கு புடிச்ச படிப்பு இருக்குன்னு ஆயிடுச்சு. அதுக்கு மேல எவ்வளவு பெரிய ஆசை எழுதுனாலும் தைரியமா எழுத முடிஞ்சுது.

கட்ஆப் பாக்கறதுலயும் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. போன வருஷம் இந்த காலேஜ் 194ல முடிஞ்சுது, நமக்கு 195.5, கிடைச்சிடும்னு நாம கணக்கு போடறோம். சார் அத ஒத்துக்கவே மாட்டாரு. கேள்வித்தாள் ஈசியா இருந்தா எல்லார் மார்க்கும் ஏறும், 194 வாங்குனவங்க அந்த வருஷம் எத்தன பேர்னு பாக்காம மார்க்க மட்டும் ஒப்பிடக் கூடாது, ரேங்க்க ரேங்க்கோட ஒப்பிடு, அதுவும் கம்யூனிட்டி ரேங்க்க, அதுவும் ஒரு வருஷம் இல்ல மூணு வருஷம்ன்னாரு. அவரோட நோட்டுல அது எல்லாம் கையால எழுதி வச்சிருக்காரு, காலேஜ் கோடு போட்டு, பிராஞ்ச் போட்டு. அதுலயும் 2024-25ல இருந்து, இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு அனுமதி குடுக்கற ஏஐசிடிஇ சீட்டு எண்ணிக்கைக்கு வச்சிருந்த உச்சவரம்ப எடுத்துட்டதால தனியார் காலேஜ்ல கம்ப்யூட்டர் சீட்டு கூடிப் போச்சு, அதுக்கு முந்துன வருஷ கணக்க வச்சு கம்ப்யூட்டர் பக்கம் எத சொன்னாலும் தப்பாயிடும்னு அந்த வரிங்கள பென்சில்ல தான் எழுதியிருந்தாரு.

இன்னொண்ணு, ஒரே காலேஜ்ல ஒரே பாடம் ரெண்டு வரியா வரும், ஒண்ணு சாதாரணம், ஒண்ணு பக்கத்துல எஸ்எஸ்னு இருக்கும், செல்ப் சப்போர்ட்டிங். கோடு வேற, பீஸ் வேற. பிஎஸ்ஜி டெக் மாதிரி எடத்துல இது உண்டு. எதையும் ஒரு தடவ பீஸ் பாத்துட்டு எழுதுங்க.

பீஸ் பேச்சு வந்ததால ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். எங்க வீட்டுல யாரும் டிகிரி இல்ல, அப்ப முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குனீங்களான்னு சார் கேட்டாரு. நாங்க முழிச்சோம். 18,000 வாங்குன எடத்துல இத ஒரு வார்த்தை கேக்கல. டிஎன்இஏ மாதிரி சிங்கிள் விண்டோ கவுன்சிலிங்ல சீட்டு வாங்குனா தான் அந்த சான்றிதழுக்கு டியூஷன் பீஸ் சலுகை, டீம்டு யுனிவர்சிட்டிக்கு கிடையாது. அட்வான்ஸ் கட்டச் சொல்லி போன் பண்ணாங்களே, அதுல சேந்திருந்தா இது முழுசா போயிருக்கும். அன்னிக்கு மத்தியானமே இ-சேவை மையத்துல எழுதிக் குடுத்தோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு புள்ளைக்கு தான் அதுவும், எங்களுக்கு சின்னவன் ஒருத்தன் இருக்கான், யாருக்கு பயன்படுத்தறதுன்னு யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னு சார் எங்கள வெளிய அனுப்பி பேசிட்டு வரச் சொன்னாரு. திண்ணையில நின்னு பேசி, பெரியவளுக்கேன்னு முடிவு பண்ணோம்.

நாங்க காத்திருக்கும்போது எங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு, ஆறாவதுல இருந்து +2 வரைக்கும் அரசுப் பள்ளி. அந்த பொண்ணுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதுல சீட்டு வந்தா டியூஷன் பீஸ் மட்டும் இல்ல ஹாஸ்டல் செலவும் அரசாங்கமே கட்டும், இன்ஜினியரிங்குக்கு 2021ல இருந்து இருக்கு. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும். ஆனா அவங்க அப்பா அத சாதாரண லிஸ்ட் மாதிரியே போட்டு கொண்டு வந்திருந்தாரு, காசு இல்லாததால பெரிய காலேஜ் பேரெல்லாம் அவரே அடிச்சிட்டாரு. சார் அடிச்சத எல்லாத்தையும் திரும்ப எழுதுனாரு. எழுதி முடிச்சதும் அந்த மனுஷன் கண்ணு கலங்கி நின்னாரு, நான் நேர்ல பாத்தேன்.

எங்க லிஸ்ட் மூணு தடவ போயி முடிஞ்சுது, மொத்தம் 31 வரி. மேல 6, நடுவுல 14, கீழ 11. மேல சிஇஜி ஈசிஇ, சிஇஜி ட்ரிபிள்இ (எலக்ட்ரிக்கல்) இப்படி ரேங்க்குக்கு எட்டாதது, ஆனா அவளுக்கு புடிச்சது. நடு பாகத்துல தான் சண்ட. பொண்ணு மெட்டீரியல் சயின்ஸும் மெட்டலர்ஜியும் மொத வைக்கணும்னா, வீட்டுக்காரரு ஈசிஇ எல்லாம் மொத வைக்கணும்னாரு, 195 எடுத்துட்டு உலோகம் உருக்கப் போறதான்னு அவருக்கு மனசு வரல. அவரு வாழ்க்கை முழுக்க அந்த அனல்ல தான் நின்னாரு, பொண்ணாவது ஏசில உக்காரணும்னு ஆசை. அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சார் அவரு பக்கம் திரும்பி, லிஸ்ட்டோட வரிசை மார்க் வரிசை இல்லைங்க, போன வருஷம் யாரு அதிக மார்க்குல எடுத்தாங்கன்னு வரிசை இல்ல, உங்க பொண்ணு காலையில எந்திரிச்சு எங்க போக ஆசைப்படுவாளோ அந்த வரிசைன்னாரு. 195 எடுத்ததால 195க்கு விக்கற சீட்டத் தான் வாங்கணும்னு சட்டம் இல்லைங்க, அந்த மார்க் உங்களுக்கு வாங்கிக் குடுத்தது தேர்ந்தெடுக்கற உரிமைய. வீட்டுக்காரரு பதில் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு அவரே பொண்ண கூப்ட்டு சிஇஜி மெட்டீரியல் சயின்ஸ் ஏழாவது வரியில, அதாவது நடு பாகத்துல மொத வரியா எழுதிக்கன்னாரு. அதுக்கு கீழ பிஎஸ்ஜி மெட்டலர்ஜி, பிஎஸ்ஜி ஈசிஇ, சென்னை எம்ஐடி, கோயம்புத்தூர் சிஐடி, ஜிசிடி, மதுரை தியாகராஜர்னு போச்சு.

என்ஐடி பக்கம் தனி பக்கம், தனி நோட்டு. அதுக்கான ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வையும் பொண்ணு எழுதி வச்சிருந்தா, திருச்சியில பாதி சீட்டு நம்ம மாநிலத்துக்கு ஒதுக்கறதால அங்க ஆசை இருந்துச்சு. திருச்சி, சூரத்கல், வாரங்கல்னு மூணு எடத்துல மெட்டலர்ஜி மட்டும் போட்டா. வரல. ஐஐடி, என்ஐடிக்கான ஜோசா கவுன்சிலிங் முன்னாடியே ஆரம்பிச்சிடறதால இத ஒரு பக்கம் ஓட விட்டுட்டு டிஎன்இஏ லிஸ்ட்ட தெளிவா போட முடிஞ்சுது, ரெண்டையும் கொழப்பிக்காதீங்க.

ஆடி மாசம், கோட்டை மாரியம்மனுக்கு கூழ் ஊத்தற சமயம் வரைக்கும் இந்த டென்ஷன் வீட்டுல இருந்துச்சு. சாய்ஸ நாங்களே பிரவுசிங் சென்டர்ல உக்காந்து ஏத்துனோம், பொண்ணு படிக்க படிக்க நான் நோட்டோட சரி பாத்தேன், லாக் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ கீழ இருந்து மேலயும் படிச்சோம். டென்டேடிவ் அலாட்மென்ட், அதாவது தற்காலிக ஒதுக்கீடு வந்துச்சு. ஏழாவது வரி. சிஇஜி மெட்டீரியல் சயின்ஸ்.

அப்ப சாருக்கு போன் பண்ணோம், ஏன்னா அக்செப்ட் அண்ட் ஜாயினா, அக்செப்ட் அண்ட் அப்வேர்டான்னு தெரியல. அப்வேர்டு குடுத்தா நல்லது தான, இருக்கறதும் இருக்கும் மேல வந்தாலும் வரும்னு பக்கத்துல இருக்கறவங்க சொன்னாங்க. சார் கேட்டது ஒரே கேள்வி, மேல இருக்கற ஆறுல ஏதாவது வந்தா இத விட்டுட்டு சந்தோஷமா போவியா. மேல சீட்டு வந்துட்டா அது தான் நம்மளுது, இது கை விட்டுப் போயிடும், திரும்ப கேக்க முடியாது. பொண்ணு யோசிச்சு இல்ல சார்ன்னா. அப்ப ஜாயின் போடு கண்ணுன்னாரு. போட்டாச்சு. அவளுக்கு ஆசை மாறிப் போச்சுன்னு அந்த மேல் ஆறு வரிய எழுதுன அன்னிக்கு எங்களுக்கு தெரியல, சீட்டு கையில வந்தப்பறம் தான் தெரிஞ்சுது. லாக் ஆகறதுக்கு முந்துன நாள் அந்த மேல் வரிங்கள மறுபடி ஒரு தடவ உங்க புள்ளைங்கள கேளுங்க.

கொறைன்னா, இருக்கு. சார் போன்ல நேரம் குடுக்க மாட்டாரு, போய் தான் உக்காரணும், ஒரு நாள் மூணு மணி நேரம் வெய்யில்ல காத்திருந்தோம். அப்பாக்கள் குறுக்க பேசுனா கொஞ்சம் கடுமையா சொல்லிடுவாரு, சிலருக்கு அது புடிக்காது. மெடிக்கல், வெளிநாடு இதெல்லாம் எனக்கு தெரியாதுன்னு நேரா சொல்லி அனுப்பிடுவாரு, நீட் எழுதுன புள்ளைங்க போயி பயன் இல்ல. எங்களுக்கு பெரிய வருத்தம் ஒண்ணு, ரிசல்ட்டுக்கப்பறம் போனதால ஐஐஎஸ்இஆர்ங்கற மத்திய அரசு அறிவியல் காலேஜ் பரீட்சைக்கு அப்ளை பண்ற தேதி தாண்டிப் போச்சு. திருப்பதி, திருவனந்தபுரம்னு ஏழு எடத்துல இருக்கு, ஆராய்ச்சி பக்கம் மனசு இருக்கற புள்ளைங்களுக்கு ஏத்தது, எங்க பொண்ணு எழுதியிருக்கணும். இது சாரோட தப்பு இல்ல, நாங்க லேட்டு. நல்லா படிக்கற புள்ளைன்னா +2 ஆரம்பத்துலயே போயிடுங்க, லிஸ்ட்டு மார்ச்சுக்கு முன்னாடியே தொடங்கற வேலை.

போகும்போது கம்யூனிட்டி சர்டிபிகேட், வருமான சான்றிதழ், ரேங்க் வந்திருந்தா அந்த பிரிண்ட், வேற எங்கயாவது லிஸ்ட் வாங்கியிருந்தா அதையும் எடுத்துட்டு போங்க. புள்ளைய கட்டாயம் கூட்டிட்டு போங்க, பெத்தவங்க மட்டும் போனா உக்காரவே சொல்ல மாட்டாரு. அஞ்சுக்கு அஞ்சு குடுக்கறேன்.

இப்ப சின்னவன் 11வது. போன ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு போனேன். சார் புது பக்கம் திருப்பி அவன் பேர எழுதி தேதி போட்டு, அதே மூணு கேள்விய ஒரு சீட்டுல எழுதி குடுத்து, பதில் தெரிஞ்சப்பறம் வான்னு அனுப்பிட்டாரு. காசு வாங்கல. ரெண்டாவதுக்கு நாங்க எழுதிக் குடுத்துட்டோம், மூணாவதுக்கு அவனே எழுதிட்டான். மொத கேள்வி இன்னும் காலியா தான் இருக்கு, சீட்டு பிரிட்ஜ் மேல காந்தம் வச்சு ஒட்டியிருக்கு.